ராசாத்தாளின் முன்பற்கள்

மோரில் உப்பு ஒரு கல் கூடுதல், ஐயா. பரவாயில்லை, கேட்டதும் கொடுத்தீர்களே, அதுவே பெரிது. எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை. இந்தப் பொங்கியண்ணன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன் என்று அன்னூர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ராசாத்தாள் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தேள்கடி, பாம்புக்கடி என்று யார் வந்தாலும் வேப்பிலையை எடுத்து மந்திரித்து அனுப்புவாள். அதுவரைக்கும் நல்லவள்தான். மேட்டூர் அணையைக் கட்டித் திறந்த வருஷம், கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கும் என் எருதுகள் இரண்டும் ஒரே வாரத்தில் கழிந்து கழிந்து செத்தன. விஷத்தை இறக்கத் தெரிந்தவளுக்கு ஏற்றவும் தெரியத்தானே செய்யும்?

அவளைக் குடிசையோடு கொளுத்திவிடலாம் என்றார்கள் சிலர். எனக்கு மனசு வரவில்லை. சூனியக்காரியின் முன்பற்களைப் பிடுங்கிவிட்டால் மந்திரம் வாயில் நிற்காது, செய்வினை பலிக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உயிருக்குச் சேதமில்லாத வழி. பங்காளிகள் இருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். லாடம் அடிக்கிற குறட்டை நானே கழுவித் துடைத்துத்தான் எடுத்துப் போனேன்.

“ஏனுங்க, நான் ஒண்ணும் செய்யலீங்க. எருதுக்கு வந்தது வெக்கை நோவுங்க. சுத்துவட்டாரம் பூராவும் மாடு சாகுதுங்க” என்றாள்.

அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசிப் பல் உடைந்து பாதிதான் வந்தது. மீதியைத் தோண்ட வேண்டியதாயிற்று. மெல்ல முடியாதே என்று கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தனுப்பினேன். வேறு யார் செய்வார்கள்?

அந்தப் புண் ஆறுவதற்குள் என் மகள் சின்னாத்தாளைப் பருத்திக்காட்டில் நாகம் தீண்டிவிட்டது. நான் அந்தக் கோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி, புத்தி கெட்டவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராசாத்தாளிடமே ஓடியிருக்கிறாள். மந்திரிக்கச் சொல்லிக் காலில் விழுந்திருக்கிறாள். ராசாத்தாள் வாயைத் திறந்து திறந்து பார்த்தாளாம், ஒரு சொல்லும் கூடி வரவில்லையாம். பிற்பாடு இதைக் கேட்டபோது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, ஐயா. செய்த வேலை சுத்தமாக இருந்திருக்கிறது.

அழுகுரல் கேட்டு நான் ஓடிப்போனபோது அவள் என் மகளின் கணுக்காலைக் கீறி அதில் வாயை வைத்திருந்தாள். உறிஞ்சுவதும் துப்புவதுமாக இருந்தாள். வாயெல்லாம் ரத்தம். இதைவிட வேறு சாட்சி எனக்கு எதற்கு?

“வேண்டாமுங்க, விசத்த எடுக்கறாங்க, உட்ருங்க” என்று என் வீட்டுக்காரி கையைப் பிடித்தாள். வசியத்தில் இருப்பவள் வேறு என்ன சொல்வாள்? மண்வெட்டி கையிலேயே இருந்தது. முதல் வெட்டுக்கு ராசாத்தாள் நிமிரக்கூட இல்லை, குழந்தையின் காலை விடவும் இல்லை. இன்னும் இரண்டு போட்ட பிறகுதான் விட்டாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். கொலையில் வேறு யாருக்கும் பங்கில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டாள், மறுநாளே கஞ்சி குடித்தாள். நாகம் கடித்தும் விஷம் ஏறவே இல்லையே என்று வைத்தியர் ஆச்சரியப்பட்டார். என் வீட்டுக்காரிதான் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் மட்டும் சற்றுத் தாமதித்திருந்தால் எங்கள் மகள் இன்றைக்கு உயிரோடு இருக்க மாட்டாள் என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.