பட்டைக்குள் வண்டு

காலையில் எழுந்ததும் சர்ச் வளாகத்தைப் பெருக்கினால்தான் எனக்கு மனசு சமாதானமாக இருக்கும், ஐயா. இந்த வருஷம் மழை விட்ட பிறகு கிறிஸ்துமஸ் மரத்தடியில் காப்பிப்பொடி மாதிரித் தூள் கிடந்தது. பெருக்கித் தள்ளினேன். மறுநாளும் கிடந்தது.

தோட்டக்கலை அதிகாரி தேவகி மேடம் வந்து பார்த்தார்கள். ஊருக்குள் பங்களா வாசல்களில் அழகுக்கு வைத்த ஊசியிலை மரங்களும் இப்படித்தான் காய்கின்றனவாம். வெளிநாட்டுச் சாமான் வந்த மரப்பெட்டிகளோடு வந்து இறங்கிய வண்டாம். நகத்தால் நெம்பினார்கள், பட்டை அப்பளம் போலக் கழன்று வந்தது. "மேல் பாதி செத்துப்போச்சு. யாரையும் ஏத்தாதீங்க. சீக்கிரம் வெட்டி எரிச்சிடுங்க," என்று சொல்லி, அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார்கள். போதகரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. என் மனைவி தேவசுந்தரி படுத்த படுக்கையாக இருக்கிறாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளாகத்துக்குள்ளேயே எங்கள் வீடு. அவள் கட்டிலிலிருந்து மரத்தின் உச்சி தெரியும். வருஷாவருஷம் அங்கேதான் நட்சத்திரம் ஏற்றுவோம். ஏற்றியாச்சா, ஏற்றியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? ரிப்பனை அவிழ்த்தேன். துளைகளை மெழுகுவர்த்தி மெழுகால் அடைத்து, மேலே செம்மண் தடவினேன். கைக்கெட்டிய பழுப்புக் கிளைகளைக் கழித்தேன்.

நட்சத்திரம் கட்டுவது கண்ணையன்தான், தென்னை ஏறுகிறவன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவன், எங்கள் நட்சத்திரத்தையும் வேறு யாரையும் தொட விடமாட்டான். அன்று அவனுக்கு இட்லி வாங்கி வைத்திருந்தேன். வெறும் வயிற்றில் ஏறக்கூடாது பாருங்கள்.

"எங்காளு மலைமேல கீறாரு, ஒங்காளுக்கு மரத்து மேல லைட்டு. எனுக்கு ஏர்றதே பொழப்பாப் போச்சுண்ணா," என்று சிரித்தான். பிறகு மரத்தைத் தட்டினான். "சத்தம் சரியில்லியே. தாங்குமா?"

நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. "பயமாயிருந்தா விட்டுடு கண்ணையா. அவதான் ஜன்னலையே பாத்துகினு கீறா," என்றேன்.

திரும்பிப் பார்த்தான். தேவசுந்தரி கையை அசைத்தாள். மலைப்பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினான்.

உச்சி தாங்காது என்று தெரிந்தேதான் ஏற்றினேன், ஐயா. ஸ்டேட்மென்ட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டுதான் கீழே நின்றேன். நட்சத்திரத்தைக் கட்டி முடித்தான். இறங்குவதற்குக் கால் வைத்த கிளை முறிந்தது; பிடித்திருந்த கிளையும் கையோடு வந்துவிட்டது.

உயிர் போய்விட்டதை அவன் மனைவி எல்லம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். மற்றவர்களுக்குப் பக்குவமாகச் சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் நட்சத்திரம் நன்றாகவே எரிந்தது. தேவசுந்தரி பார்க்கவில்லை. அவன் விழுந்ததிலிருந்து சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் ஊட்டினால் கஞ்சி குடிப்பதில்லை. மார்கழிப் பனி அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.