ஆறாவது விண்டோ

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. தொழிற்பேட்டைச் சாலையில் ஈ காக்கை இல்லை... எல்லாக் கம்பெனிக்கும் பூட்டு. தார் ரோட்டில் வெயில் மட்டும் தனியாகக் கிடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் சொன்னது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதியின் சித்திக்கு நடந்தது. லிஃப்ட் செய்யும் கம்பெனியில் அவர் புரோகிராமர். புரோகிராம் எழுதுவதெல்லாம் இப்போது ஏஐ ஏஜென்டுகள்தான். சித்தி வேலையைச் சொல்வார், அவை எழுதும், அவர் சரிபார்ப்பார். ஒரே கம்ப்யூட்டரில் ஐந்து ஏஜென்ட், ஐந்து விண்டோ. ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைக்காதபடி ஒவ்வொன்றுக்கும் புரோகிராமின் தனி நகல். பட்டப்பெயர் வேறு வைத்திருந்தார். பொறுப்பாக எழுதுவது மூத்தவன். சொல்லி முடிப்பதற்குள் ‘முடிந்தது’ என்பது அவசரக்குடுக்கை. பெற்ற இரண்டையே கட்டி மேய்க்க முடியவில்லை, இதில் இது ஐந்து என்று அலுத்துக்கொள்வாராம்.

அன்று மேனேஜர் ஒரு வேலை கொடுத்திருந்தார். லிஃப்ட் கதவு மூடியதும், இடுக்கில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று நான்கு நொடி பார்த்துவிட்டுத்தான் நகரும். லிஃப்ட் ஆமை வேகத்தில் போகிறது என்று வாடிக்கையாளர் புகார். அந்த நான்கு நொடியை எடுத்துவிட வேண்டும். திங்கள் காலைக்குள். அதற்காகத்தான் ஞாயிறும் தனியாக ஆபீசுக்கு வந்திருந்தார். சித்திக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் அவசரக்குடுக்கையிடம் ஒப்படைத்தார்.

‘முடிந்தது’ என்றது. திறந்து பார்த்தால்... நான்கு நொடி அப்படியே இருந்தது. மறுபடி சொன்னார். எடுத்தது. கண்ணெதிரே திரும்பி வந்தது. மூத்தவனிடம் மாற்றிக் கொடுத்தார். அங்கேயும் அதே கதை.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தார். திரையில் ஆறு விண்டோ.

ஆறாவதில் ஒரே ஒரு வரி. ‘கதவிடுக்கில் கை இருக்கிறது.’

வெளியிலிருந்து எவனோ விளையாடுகிறான் என்று நெட் கேபிளைப் பிடுங்கினார். ஐந்தும் இணைப்பு இல்லையென்று நின்றுபோயின. ஆறாவது மட்டும்... எழுதிக்கொண்டே இருந்தது. அதே வரி. அதன் கீழே அதே வரி.

கீழ்த்தளத்தில் சத்தம். ட்டக்... சர்ர்ர்... ட்டக். சோதனை லிஃப்டின் கதவு. விடுமுறை நாளில் அதற்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். கருகிய கிரீஸ் வாடை படியேறி வந்தது.

வேறு யாராக இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சித்தி படியிறங்கினார். மெயின் அணைந்துதான் இருந்தது. கதவு மூட வந்தது... நான்கு விரல் இடைவெளியில் நின்றது... திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. எடை காட்டும் பலகையில், முப்பத்தொரு கிலோ. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் எடை.

ஆனாலும் சித்தி நகரவில்லை. அங்கே நின்றபடியே மேனேஜருக்குப் போன் போட்டார்.

“சார், அந்த நாலு செகண்ட நான் எடுக்க மாட்டேன்.”

வேலை போய்விடும் என்றார் அவர்.

“போகட்டும். வேணும்னா பொறுப்பு உங்களதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வேற யாராவது எடுக்கட்டும். என் கையால நடக்காது.”

போனை வைத்துவிட்டுக் காலி லிஃப்டைப் பார்த்தார்.

“உனக்குப் பயந்துக்கிட்டு சொல்லல. எனக்கே மனசு வரல. ஆனா ஒண்ணு... இனிமே என் மிஷின்ல என்னைக் கேக்காம கை வெக்காத.”

கதவு முழுதாகத் திறந்து நின்றது. சத்தமே இல்லை. மேலே வந்து பார்த்தால் ஐந்தே விண்டோ.

மறுநாள் மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் துணிச்சல் அவருக்கு இல்லை. சித்தியின் வேலையும் போகவில்லை. நான்கு நொடி இன்றும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் திங்கட்கிழமைச் சங்கதி. அந்த ஞாயிறு மதியம் வீட்டுக்குக் கிளம்பினாரே...

கார் நகர்ந்ததும் கீ... கீ... கீ என்று கத்தியது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். இருக்கை காலி. அவருடைய பைகூடப் பின்னால்தான் கிடந்தது. ஓரமாக நிறுத்தினார்.

“வர்றதுன்னா ஒழுங்கா உக்காந்து வா” என்று எட்டி அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

கத்தல் நின்றது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை... ஒரு சாண் தள்ளியே நின்றது. மெல்ல ஏறியது... இறங்கியது.