பதினோராவது கதவு

இல்ல மேடம், ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன், அப்பதான் எனக்குக் கணக்குத் தப்பாது. எங்க தீயணைப்புத் தொண்டர் குழுவுல லுட்கர், அன்னெக்ரெத், நான். ஆத்துக்கு எதிர்க்கரை ஹாலந்துலேர்ந்து படகோட மாத், அப்புறம் அந்தப் பொண்ணு ஃபெம்கே. அஞ்சு பேரு. இல்ல, ஆறு. டில்லா அம்மாவும் இருந்தாங்கல்ல, வீட்டுக்குள்ள.

நான் பேரு எழுதுற ஆளு. மேட்டுல சர்ச்சு வாசல்ல நின்னு, ஏறி வந்தவங்களுக்கு டிக் போட்டுக்கிட்டிருந்தேன். கீழத்தெருவுல பதினோரு வீடு. மாத்தோட படகுதான் பெருசு, அதனால அவனும் ஃபெம்கேயும் அங்க போனாங்க.

எங்க ஊர்ல வெள்ளம்னா ஒரு பழக்கம். வீட்டைக் காலி பண்றவங்க கதவுப் பிடியில வெள்ளைத் துண்டைக் கட்டிட்டுப் போவாங்க. துண்டு இல்லாத வீட்ல ஆளு இருக்கும். எதிர்க்கரையில அப்படியே தலைகீழ். துண்டு தொங்குனா உள்ள ஆளு, வந்து தூக்குன்னு.

பத்து வீட்ல துண்டு. இடுப்பளவு தண்ணியில பத்துக் கதவையும் ஒடைச்சா அந்தப் பொண்ணு. மாத் வயர்லெஸ்ல கத்துறான், எல்லாம் காலிடா, எங்களை வெச்சு வெளையாடுறீங்களான்னு. கதவெல்லாம் நீயே மாட்டிட்டுப் போடான்னு லுட்கர் சிரிச்சான். நான் சிரிக்கல. டிக் இல்லாத பேரு ஒண்ணே ஒண்ணு இருந்திச்சு. பதினோராவது வீடுன்னு கத்துனேன். அதுல துண்டே இல்லியேன்னா ஃபெம்கே. படகு திரும்பறதுக்குள்ள தண்ணி ஜன்னலைத் தாண்டிடுச்சு. டில்லா அம்மாவுக்குக் காலு வராது மேடம். படகு வரும்னு கோட்டு மாட்டிக்கிட்டுத் தயாரா இருந்திருக்காங்க.

இப்ப ஊரே கேக்குது, அந்த ஃபெம்கேவுக்குக் கண்ணு பொடனியிலயா இருந்திச்சுன்னு. அவளை வேலையை விட்டுத் தூக்கணும்னு கையெழுத்து வாங்குறாங்க. அதுக்குத்தான் விசாரிக்கிற உங்ககிட்டயே வந்தேன். அவ தப்புப் பண்ணல.

ரெண்டு கரைக்கும் ஒரே சொல்லு, ஒரே அடையாளம்னு மார்ச்சுலயே தாள் வந்திச்சு. இனிமே துண்டுன்னா உள்ள ஆளு. அந்தக் கரையில படிச்சாங்க. இந்தக் கரையில, வெள்ளிக்கிழமை கூட்டத்துல படிச்சுக் காட்டி ஆளுக்கு ஒண்ணு குடுன்னு லுட்கர் கட்டோட குடுத்தான்.

யாருகிட்டயா? என்கிட்டதான். நாலு பேரு முன்னாடி எழுந்து நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும் மேடம். அடுத்த வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமைன்னு விட்டுட்டேன். நேத்துதான் கட்டைப் பிரிச்சேன். நாப்பது.

இந்தாங்க, ஒண்ணு உங்களுக்கு. மிச்சம் முப்பத்தொம்பது.