ஸ்பூன் இல்லாத பந்தி

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் வித்யா அவர்களே, மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, கணவரை இழந்த துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உஷாராணி அம்மா அவர்களே, அவர் கணவரின் கையால் வைத்தியம் பார்த்துக்கொண்டு இன்று பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோரே, தாய்மாரே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் பெயர் வெங்கடாசலம். எலும்பு முறிவு மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். தாள் நடுங்கினால் பொருட்படுத்த வேண்டாம். சில ஆண்டுகளாகவே என் கை அப்படித்தான்.

கை அறுவை மருத்துவர் குமரகுரு அவர்கள் மறைந்துவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

நாம் உட்கார்ந்திருக்கும் இதே மண்டபத்தில்தான் அவர் மாதம் ஒரு ஞாயிறு வகுப்பு நடத்தினார். சேலம், நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் மருத்துவமனைகளில் வேலை செய்யும் அறுவை மருத்துவர்கள் வந்தார்கள். உடைந்த மணிக்கட்டை எப்படி இழுத்து நேராக்குவது, எப்போது கட்டு போதும், எப்போது கம்பி வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து எலும்பு மாதிரிகளை எடுத்துக் கொடுப்பேன். என் பங்கு அவ்வளவுதான்.

அந்த வகுப்பு எப்படித் தொடங்கியது? பரமத்தி வேலூரிலிருந்து சென்னம்மாள் என்ற அம்மா ஒரு நாள் அவரிடம் வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளும் வேலை செய்பவர். வேறோர் இடத்தில் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, எல்லாம் முடிந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. நான் பக்கத்திலிருந்து, நன்றாகச் சேர்ந்திருக்கிறதே என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "எலும்பு நல்லாருக்குதுங்களாமா. எனக்குத்தான் வெத்தல எடுக்க வரலீங்க."

மாவுக்கட்டை எல்லா விரல்களின் நுனி வரை போட்டிருந்தார்கள். கட்டுக்குள் கிடந்த விரல்கள் விறைத்துப்போயிருந்தன. குமரகுரு எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் அந்தக் கை முழுதாக மடங்கவில்லை. அது அவரை விடவே இல்லை. கட்டுப் போட்டவர் கெட்டவரா? இல்லை. அக்கறை இல்லாதவரா? அதுவும் இல்லை. அவருக்கு யாரும் செய்து காட்டவில்லை.

அதனால்தான் இந்த வகுப்பைத் தொடங்கினார்; அதற்கு ஒரு வழக்கமும் வைத்தார். காலையில் மருத்துவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் வலக்கைக்கு மற்றவர் மாவுக்கட்டுப் போட வேண்டும். உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே ஓடும் ரேகைக்கு முன்னாலேயே கட்டு நின்றுவிட வேண்டும். தாண்டினால் விரல்கள் அடியிலிருந்து மடங்காது. "ஜோசியக்காரருக்கு ஆயுள் ரேகைங்க, நமக்கு இந்த ரேகை" என்பார். மதியம் பின்கூடத்தில் இலை போடுவார்கள். அந்தக் கட்டோடுதான் சாப்பிட வேண்டும். ஸ்பூன் கிடையாது. யார் கட்டினாரோ அவர், கட்டப்பட்டவர் சாப்பிட்டு முடிக்கும் வரை தன் இலையைத் தொடக் கூடாது.

வாழப்பாடி மருத்துவர் மணிமாறன் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர் முதன்முதல் வந்த அன்று சேந்தமங்கலம் மருத்துவர் ஜெயப்பிரியா அவர்களுக்குக் கட்டினார். ரேகை தாண்டிவிட்டது. பந்தியில் அந்த அம்மாவின் விரல்கள் சோற்றைப் பிசைய முடியாமல் தவித்தன. மணிமாறனோ நல்ல பசியில் இருந்தார்.

குமரகுரு பின்னால் வந்து நின்றார். "ஏனுங்க மணிமாறன், அந்தம்மா உங்களுக்கு என்ன பண்ணுச்சு? சோறு வாய்க்குப் போகாம கட்டி உட்டிருக்கறீங்க?"

"சார், அளந்துதான் சார் போட்டேன்."

"அளந்தீங்க, சரி. மடக்கிப் பாத்தீங்களா?"

ஜெயப்பிரியா ஒரு பருக்கையை எடுத்து நிதானமாக வாயில் வைத்தார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க சார். ரசம், மோரெல்லாம் இன்னும் வரோணும்ல?"

கூடமே சிரித்தது. மணிமாறனும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் போட்ட எந்தக் கட்டும் அந்த ரேகையைத் தாண்டியதாக நான் கேள்விப்படவில்லை.

போன ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் ஈரத் தரையில் வழுக்கிக் குமரகுரு அவர்களுக்கே வலது மணிக்கட்டு உடைந்தது. அறுவை மருத்துவரின் வலக்கை. யாரிடம் போவார்? அவரைத் தெரியாத பெரிய மருத்துவமனை உண்டா? அவர் காரை வாழப்பாடிக்கு விடச் சொன்னார். நானும் கூடப் போனேன். மணிமாறன் முகம் வெளுத்துவிட்டது.

"சார், வேணாம் சார். நானே கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க என்னங்க, எலும்ப வேற மாதிரியா சேக்கறாங்க? போடுங்க. ரேகையத் தாண்டுனா மறுக்காவும் பட்டினிதான், பாத்துக்கங்க."

மணிமாறன் போட்டார். போட்டு முடித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். அடுத்த வகுப்பில் குமரகுரு அந்தக் கட்டோடு பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டார். யாரும் சொல்லாமலே, அவர் கை கழுவும் வரை மணிமாறன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

கை எலும்பு சேர்ந்தது. ஆனால் வேறு நோய் வந்தது. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது மெலிந்துபோயிருந்தார். உஷாராணி அம்மா அருகில் இருந்தார்கள். குமரகுரு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, வகுப்ப நீங்க பாத்துக்குங்க" என்றார்.

என் கை நடுங்குகிறதே, இந்தக் கையை வைத்துக்கொண்டு யாருக்கு எதைக் காட்டுவேன் என்று கேட்டேன்.

"இப்பச் சொல்ல வேண்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

யோசித்தேன். எதையும் யோசித்துத்தான் செய்வேன். அது என் இயல்பு. யோசித்து முடித்தபோது கேட்பதற்கு அவர் இல்லை.

இங்கே எனக்கு முன் பேசிய நண்பர்கள் இனி வகுப்பை வீடியோவில் நடத்தலாம், நல்ல ஓட்டலில் இடம் பிடிக்கலாம் என்றார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். நான் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வீடியோவைப் பார்ப்பவருக்குத் தன் விரல் மடங்காத தவிப்பு எப்படித் தெரியும்? ஒரு கவளம் எடுக்க முடியாமல் இலைக்கு முன் உட்கார்ந்தவர் அல்லவா அடுத்த நோயாளியின் கையை மடக்கிப் பார்ப்பார்?

குமரகுரு அவர்களே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. வகுப்பு நடக்கும். இழுத்து நேராக்குவதை மணிமாறனும் ஜெயப்பிரியாவும் காட்டுவார்கள். நேற்றே கேட்டேன், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த மாத ஞாயிறு தவறிவிட்டது. அடுத்த மாத ஞாயிறு தவறாது. இதே மண்டபம், இதே பின்கூடம்.

புதிதாக வருகிறவர் முதல் கட்டை என் கைக்குப் போடட்டும். அது நடுங்கும். நடுங்கட்டும். வலியோடும் பயத்தோடும் நம்மிடம் நீட்டப்படும் கை எதுதான் நடுங்காமல் வருகிறது? அதற்குக் கட்டிப் பழகட்டும். பிறகு இலை போடுவார்கள். நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன். கட்டியவர் காத்திருக்க வேண்டும்.