வெர்லின் வீட்டுக் கொத்துக்கறி

— கரண்டியக் கீழ வைங்க வெர்லின். சாயங்காலம் மண்டபத்துல ஊரே சாப்பிடறதுக்கு வச்ச குழம்பு. இப்பவே மூணு தடவ வழிச்சாச்சு.

— வழிக்கல அம்மணி, சோதிச்சுப் பாக்கறேன். மாட்டுப் பண்ணை சங்கத் தலைவன் வீட்டுக் கொத்துக்கறிச் சில்லிக் குழம்பு இது. ஒரு குறை வந்தா நாளைக்குப் பண்ணை பண்ணையா என் பேருதான் உருளும். ம்ம்... லவோன், சத்தியமாச் சொல்றேன், நீ இத்தன வருஷத்துல இப்படி ஒரு குழம்பு வச்சதே இல்ல.

— தாடியத் தொடைங்க. பூராத் தக்காளி.

— எல்லாம் நம்ம காளைக்கன்னு மகிமை. நம்ம புல்லத் தின்னு, நம்ம கண்ணு முன்னாடி வளந்த உடம்பு. கடைக்கறியில இந்த ருசி வருமா, நீயே சொல்லு.

— நகருங்க. ரொட்டிய எடுக்கணும்.

— பட்டை ரொட்டியா? லவங்கப்பட்டை தூவிச் சுருட்டி, பாகு ஊத்தி?

— பின்ன? சில்லிக் குழம்பு வச்சுட்டுப் பட்டை ரொட்டி இல்லாமப் போய் நின்னா நெப்ராஸ்காவ விட்டே துரத்திடுவாங்க.

— அதுவும் சரிதான். இப்படி உக்காரு. பேச்ச ஒருவாட்டி சொல்லிப் பாத்துடறேன்.

— பேச்சே வேண்டாங்க இன்னிக்கு. மழை இல்ல, வைக்கோல் விலை ஏறிப்போச்சு, அதப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிட்டு இறங்கிடுங்க.

— வைக்கோல் விலை கேக்கவா ஊர் திரண்டு வருது? மேடைக்குப் பின்னாடி துணி கட்டியாச்சு. 'வெர்லின் நெஞ்சைக் காத்த மாட்டுக்கறி'ன்னு. ஒவ்வொரு எழுத்தும் கன்னுக்குட்டி உசரம்.

— எவன் அப்படி எழுதச் சொன்னான்?

— நான்தான் சொன்னேன்.

— ஐயா சாமி.

— என்ன ஐயா சாமி? நடந்ததத்தானே சொல்லப் போறேன். கன்னு போடற காலத்துல நெஞ்சடைச்சுப் பனியில விழுந்தேனா? ஸ்டென்ட்ட வச்சுட்டு டாக்டர் என்ன சொன்னாரு? 'மாட்டுக்கறிய மறந்துடுங்க'ன்னாரு. யாருகிட்ட? எங்கிட்ட! நீயும் அழுத, கெஞ்சின. சரி, இவளுக்காகன்னு வாட்டின துண்டுக்கறிய விட்டேன். கொத்துக்கறிய மட்டும் எமனே வந்தாலும் விட மாட்டேன்னு சொன்னேன். சொன்ன மாதிரியே தின்னேன். தின்னேனா இல்லையா?

— தின்னீங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தின்னீங்க.

— இப்பப் பாரு. ரத்தம் சுத்தம். நாள் பூரா வேலி போடறேன், மூச்சு இரைக்கல. டாக்டர் வாயப் பொளந்துட்டாரு. 'என்னதான் சாப்பிடறீங்க?'ன்னாரு. 'நான் வளத்த மாட்டத்தான்'னேன். அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும்.

— மாத்திரையுந்தான் போட்டீங்க.

— மாத்திர கெடக்கு கழுத.

— வெர்லின், நான் சொல்றதக் கேளுங்க. மேடையில நெஞ்சப் பத்திப் பேசாதீங்க. நாலு பேரு கேட்டு நம்பிடுவாங்க.

— நம்பறதுக்குத்தானே பேசறேன்! எல்டன் இப்பவே நம்பிட்டான்.

— யாரு, என் கொழுந்தனா? என்னத்த நம்பினாரு?

— வர்ற செவ்வாக்கிழமை ஒமாகாவுல அவனுக்கு நெஞ்சு ஆபரேசன்னு இருந்துச்சுல்ல? காலைல ஆஸ்பத்திரிக்குப் போனப் போட்டு வேண்டாம்னுட்டான். 'அண்ணனக் குணமாக்கின கறி என்னையும் குணமாக்கும்'னு சொன்னான். என் தம்பில்ல! நம்ம ஃப்ரீஸர்ல இருந்து கொஞ்சம் கறி எடுத்துட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன். ஏய், ஏன் அப்படியே உக்காந்துட்ட? தட்டு சுடுது, கீழ வை.

— வேண்டாம்னே சொல்லிட்டாரா?

— தைரியமாச் சொல்லிட்டான்.

— மூணு எடத்துல அடைப்புன்னு சொன்ன மனுசன். நாலு படி ஏறினா நெஞ்சப் பிடிச்சுக்கற மனுசன்.

— அதான் சரியாயிடுமேங்கறேன்.

— வெர்லின், நீங்களும் உக்காருங்க.

— நின்னுட்டே கேக்கறேன். சொல்லு.

— இத்தன மாசமா இந்த வீட்டுல நீங்க தின்ன கொத்துக்கறி மாடு இல்ல.

— பின்ன என்ன, மானா?

— வான்கோழி.

— ஹஹ்ஹா! நல்லாச் சொன்ன போ. நன்றித் திருநாளுக்கு ஊரே வான்கோழி தின்னும், அன்னிக்கே நான் அத ரெண்டு வாய்க்கு மேல தொட மாட்டேன். மரத்தூளக் குழம்புல நனைச்ச மாதிரி இருக்கும். எங்கிட்டயேவா? மாடு தின்னது புல்லா சோளமான்னு கறியக் கடிச்சுச் சொல்ற நாக்கு இது.

— அந்த நாக்குதான் இப்ப மூணு கரண்டி வழிச்சு நக்குச்சு. ஃப்ரிட்ஜத் திறங்க. பாலுக்குப் பின்னாடி ஒரு பொட்டலம் மிச்சம் இருக்கு.

— இருக்கு. அதுக்கென்ன?

— மேல என்ன படம் போட்டிருக்கான்?

— இது... வாலு விசிறி மாதிரி...

— சொல்லுங்க.

— லவோன், விளையாடாத.

— நான் விளையாடல.

— போன செவ்வாக்கிழமை கறிய ரொட்டியில மடிச்சு டாக்கோ பண்ணியே, அது?

— வான்கோழி.

— கறிய ரொட்டி மாதிரி அடுப்புல சுட்டு, மேல சாஸ் தடவிக் குடுத்தியே? தட்டையே தொடச்சுத் தின்னேனே!

— தொடச்சது அதத்தான்.

— ஜூலை நாலாந்தேதி, சுதந்திர தின விருந்து! சங்கத்துக்காரனுங்க பூரா நம்ம முத்தத்துல நின்னு பர்கர் தின்னானுங்க. மெர்ல் என் தோளத் தட்டி, 'இதுதான்யா மாடு'ன்னானே!

— அன்னிக்கு எனக்கு உசிரே இல்ல. நீங்க கனல்ல போட்டுத் திருப்பிட்டே, 'பாத்தியா, எப்படிச் சாறு விடுது, நம்ம மாடு'ன்னு பீத்திக்கறீங்க. அது சாறு விடணுமேன்னு விடிகாலைல எந்திரிச்சு வெங்காயத்தத் துருவி, ரொட்டித்தூளப் பாலுல ஊற வச்சுப் பிசைஞ்சவ நானு.

— வான்கோழி வெளுத்துல்ல இருக்கும்? இது நல்லாச் செவசெவன்னு இருக்கே!

— நெஞ்சுக்கறிய வாங்கினா வெளுப்புத்தான். தொடைக்கறியாப் பாத்து வாங்கணும். இரும்புச் சட்டி புகைஞ்சப்புறம் கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். போட்டுட்டு மாட்டுக்கறியக் கொத்தற மாதிரி உடனே கெளறக் கூடாது, தண்ணி விட்டு வெந்து நீங்க சொன்ன மரத்தூளாயிடும். கையக் கட்டிட்டு நிக்கணும். அடி நல்லாச் செவந்து தானா விட்டுக் குடுக்கும், அப்பத் திருப்பணும். காளானப் பொடிப்பொடியா அரிஞ்சு வதக்கிச் சேத்துட்டா பல்லுக்கு வித்தியாசமே தெரியாது. கொஞ்சம் சோயா, ஒரு துளி கோகோ. இதெல்லாம் ஒரே நாள்ல வந்துடல. மொதல்ல செஞ்சதெல்லாம் நாய்க்குத்தான் போட்டேன். நாயே யோசிச்சுட்டுத்தான் தின்னுச்சு.

— எங்க வாங்கின? நம்மூருக் கடையில நீ வான்கோழி வாங்கினா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குச் சேதி வந்திருக்குமே!

— அதுக்குத்தான் நார்த் பிளாட்டு டவுன் வரைக்கும் போனேன்.

— முட்டிக்கு வைத்தியம்னு சொல்லிட்டுப் போனியே!

— முட்டிக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு.

— அப்ப நம்ம மாடு? ஃப்ரீஸர் காலியாயிட்டே வந்துச்சே, அந்தக் கறியெல்லாம்?

— தேவாலயத்துல ஏழைங்களுக்குக் குடுக்கறாங்கல்ல, அங்க குடுத்தேன். உங்க பேருலதான்.

— அட! அதான் அந்தப் போதகர் என்னப் பாக்கறப்பெல்லாம் கண்ணு கலங்கிக் கையப் பிடிச்சுக்கறாரா? எனக்குச் சாவு நெருங்கிடுச்சு, டாக்டர் இவருகிட்ட மட்டும் சொல்லிட்டாருன்னுல்ல நெனச்சேன்!

— ஒரு ஞாயித்துக்கிழமை உங்களுக்காக ஜெபமே பண்ணாரு.

— சிரிக்காத லவோன். எனக்குச் சிரிப்பு வரல. இத்தன வருஷம் குடும்பம் நடத்தி, நீ வச்சத என்னான்னு கேக்காமத் தின்னவன் நான். எங்கிட்டப் பொய் சொல்லிட்டியே.

— சொன்னேன். நாளைக்கும் சொல்லணும்னா சொல்லுவேன். பனியில கவுந்து கெடந்த உங்களப் புரட்டிப் போட்டது நானு. மீசையெல்லாம் உறைஞ்சு கெடந்துச்சு. பொறந்த கன்னு ஒண்ணு பக்கத்துல நின்னு உங்க கோட்ட நக்கிட்டு இருந்துச்சு. நீங்க கண்ண மூடிட்டீங்க, நான் பாத்தேன். அந்தப் பயம் இன்னும் போகல. பொய் சொன்னது எனக்கு அவமானமா இருக்குங்க. ஆனா வருத்தமில்ல.

— ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

— கேட்டா தின்னிருப்பீங்களா?

— மாட்டேன்.

— அப்புறம் என்ன? என்னத் திட்டறத அப்புறம் வச்சுக்கங்க. எல்டனுக்கு அப்படி ஒரு நாள் வந்தா அவரு வீட்டுக்காரி ஆர்லிஸ்தான் புரட்டணும். அவ இடுப்பு வலிக்கு அவளால முடியாது. உங்க பேச்ச நம்பித்தான் அவரு ஆஸ்பத்திரிய வேண்டாம்னுட்டாரு.

— போன இப்படிக் குடு. நான் சொன்னா கேப்பான்... எல்டன்? நான்தான்டா. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனப் போட்டு வர்றேன்னு சொல்லு... ஏன்னா நான் தின்னது மாடு இல்லயாம், வான்கோழியாம்... வான்கோழிடா! குடிக்கல. இன்னும் மணி நாலுகூட ஆகல... எல்டன்? டேய்!

— வச்சுட்டாரா?

— விழுந்து விழுந்து சிரிக்கறான். 'ஒமாகாவுக்கு அனுப்பறதுக்கு அண்ணி கட்டின கதையா?'ன்னான். 'உன் நாக்கு வேணா துருப் பிடிச்சுப் போயிருக்கும், என் நாக்க ஏமாத்த ஒருத்தி இன்னும் பொறக்கல'ன்னான். மத்தியானம் சாப்பிடலயாம், பசியோட வர்றானாம்.

— நான் மேடையேறிச் சொல்லட்டுமா?

— நீ ஏறினா அவன் எந்திரிச்சு வெளிய போயிடுவான். டாக்டர் கட்சின்னு உன்ன எப்பவோ முடிவு பண்ணிட்டான். அவன் கேக்கறது என் பேச்சு மட்டுந்தான்.

— உங்களச் சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன் வெர்லின். அந்தத் துணிக்கு முன்னாடி நின்னுட்டு எப்படிச் சொல்லுவீங்க?

— சொன்னா அடுத்த வாரமே மெர்ல் தலைவராயிடுவான். காபிக்கடைக்குள்ள நான் கால் வச்சா ஒவ்வொருத்தனும் வான்கோழி மாதிரிக் கத்துவான். சாகற வரைக்கும் கத்துவானுங்க. என் கல்லறைக்கு வந்துகூட ஒருவாட்டி கத்திட்டுத்தான் போவானுங்க.

— தெரியும்.

— சின்ன வயசுல எல்டன் ஆத்துப் பனி ஒடைஞ்சு உள்ள விழுந்தப்ப நான்தான் முடியப் பிடிச்சு இழுத்தேன். அன்னிக்கும் தானா வந்துடறேன்னுதான் கத்திட்டு இருந்தான், கழுத... லவோன், ரெண்டு அண்டாவும் இதேதானா?

— ரெண்டும் இதேதான்.

— வேற யாராச்சும் குழம்பு கொண்டு வர்றாங்களா?

— இல்ல. தலைவர் வீட்டுக் குழம்புதான் எல்லாருக்கும். மத்தவங்க காய், பச்சடி, இனிப்பு.

— மாட்டுக்கறி ஒரு துண்டுகூட இல்ல அந்த மண்டபத்துல?

— துணியில எழுதியிருக்கீங்களே, அது ஒண்ணுதான்.

— நல்லது. உப்பு சரியா இருக்கு. கோகோ மட்டும் இன்னொரு துளி போடு.

— எதுக்கு?

— எல்டன் ரெண்டாவது கிண்ணம் கேக்கணும்.

— வெர்லின்!

— மண்டபத்துக்குப் போனப் போட்டு, தலைவர் பேச்சு சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொல்லிடு. மொதல்ல ஒமாகாவுக்குப் போடு. எல்டனோட ஆபரேசன் எடத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, ஆளு வர்றாருன்னு சொல்லு.

— அவரு சம்மதிக்காமயா?

— சம்மதிப்பான். இப்ப எதிர்ல வந்து உக்காரு. நீதான் எல்டன்.

— எல்டன் மாதிரி உக்காரணும்னா பெல்ட்டத் தளத்திக்கணும்.

— தளத்திக்கோ. மொத வரிசை, ஓரத்து நாக்காலி. ஆரம்பிக்கறேன். 'நண்பர்களே, குழம்பு எப்படி?'

— 'மாடுன்னா மாடு! அண்ணன் வீட்டு மாட்டுக்கு ஈடு உண்டா?'

— 'இன்னும் யாருக்கு வேணும்?'

— 'எனக்குத்தாண்ணே, கிண்ணம் நெறைய!'

— 'குடு அவனுக்கு. தின்னாச்சா? சரி, கேளுங்க. என் வீட்டுக்காரி இத்தன மாசமா என்ன ஏமாத்தினா. இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்து உங்க எல்லாரையும் ஏமாத்திட்டோம். நீங்க தின்னது வான்கோழி. டாக்டர் குடுத்த மாத்திரையும், இவ குடுத்த இந்த வான்கோழியுந்தான் என்ன நிக்க வச்சிருக்கு. பின்னாடி கட்டியிருக்கற துணி பொய், நான்தான் எழுதச் சொன்னேன். சிரிங்க, நல்லாச் சிரிங்க. தலைவர் நாக்காலிய யாரு வேணா எடுத்துக்கங்க. எல்டன், நீ மட்டும் சிரிக்காம எந்திரி. உன் கிண்ணத்தக் கவுத்துக் காட்டு... ஒரு சொட்டு விழலயே, உன் நாக்கும் ஏமாந்துச்சுல்ல? செவ்வாக்கிழமை இருட்டோட ரெடியா இரு, ஒமாகாவுக்கு வண்டிய நான்தான் ஓட்டறேன்.'