பூஜைக்கு முன்னால் போன படகு

சிகாமட் ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கணவரிடம் சீறினார்.

"வெள்ளம் என்ன நல்ல நேரம் பாத்தா வந்துச்சு?"

"பூஜை போடாம எப்படிம்மா தண்ணியில இறக்கறது? ஐயர் வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னாரு."

"வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி! மூணு வருசமா கார் போர்ச்ல தட்டித் தட்டி நீராவிப் படகு கட்டின மனுசன், அத தூண்ல கட்டிப் போட்டுட்டு, தீயணைப்பு போம்பாக்காரங்க வந்து நம்மள ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு நின்னீங்க. தாமான்ல அக்கம்பக்கத்து வீடெல்லாம் பாத்து சிரிச்சுச்சு!"

"அடுப்பு பத்தவச்சு நீராவி ஏறவே முக்கா மணி நேரம் ஆகும்லா."

"துடுப்பு போடக் கை இல்லையா? கடைசியில கயிறும் அறுந்துபோச்சு. நம்மள தங்கவச்ச ஸ்கூல்ல நீங்க கீழ போர்வைக்கு வரிசையில நிக்கிறீங்க, நான் மாடியிலேருந்து பாக்குறேன், நம்ம படகு ரோட்டு மேல தானா போகுது."

வரிசை நகர்ந்தது. கணவர் நகரவில்லை.

"சாயாம போச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

அம்மாள் பல்லைக் கடித்தார்.

"நேராத்தான் போச்சு. நாமதான் அதுல இல்ல."