ஒன்பது ஊக்கு

நைலான் புடவையில் ஒரு வசதி உண்டு. இஸ்திரி போட வேண்டியதில்லை. அலசிக் கொடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். திருப்பதி கடைவீதியில் அந்தப் பத்துப் புடவைகளைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எல்லாம் ஒரே மாதிரி, இளஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளிக் கோடு. கடைக்காரர் ஒரு புடவையைச் சுருட்டித் தன் மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துக் காட்டினார். அவ்வளவு மெல்லிசு.

இன்ஸ்பெக்டர் சார், உங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று ஏட்டு சொன்னார். தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுதினால் கோணலாக வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன். நேற்று நீங்கள் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அதற்காக மன்னிக்க வேண்டும். பேசத்தான் எனக்குக் கூச்சம். எழுத இல்லை.

என் பெயர் ஞானமணி. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்சி. சித்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கிறேன். மாணவர்களுக்குக் கரைசல் கலந்து வைப்பேன், குழாய் கழுவுவதை மேற்பார்ப்பேன். பாடம் நடத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் நடந்த விழாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எல்லா சமூகத்தாரும் ஒரே மேடையில் ஆடிப் பாட வேண்டும் என்று நடத்திய விழா. லம்பாடிப் பெண்கள் வந்திருந்தார்கள், உருதுப் பாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், ஏர்பேட்டிலிருந்து கோலாட்டக் குழு வந்திருந்தது. எங்கள் சபையிலிருந்து பத்துக் கன்னியர் ஆட்டம். முதலிடம் வருகிற குழு ஹைதராபாத்துக்குப் போகும். ஆட்டத்தை அமைத்தவருக்குத் திருப்பதியில் தொடங்கப்போகும் கலைப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை வேலை என்றும் சொல்லியிருந்தார்கள்.

பத்துக் கன்னியர் எங்கள் வேதத்தில் இருக்கும் கதை. மணவாளனை எதிர்கொள்ளப் பத்துப் பெண்கள் விளக்கோடு போகிறார்கள். ஐந்து பேரிடம் எண்ணெய் இருக்கிறது, ஐந்து பேரிடம் இல்லை. இல்லாதவர்கள் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இருப்பவர்கள் கொடுப்பதில்லை. எங்கள் சபைப் பெண்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைப் பாடிக் கும்மியடிப்பது பழைய வழக்கம். வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருவார்கள். கையில் விளக்கு இருக்காது. இருப்பதுபோல் விரலை மடக்கிக்கொள்வார்கள்.

உண்மையான விளக்கைக் கையில் கொடுத்தது நான். வட்டத்தை உடைத்து இரண்டு வரிசையாக்கியது நான். எண்ணெய் கேட்கும் இடத்தில் ஐந்து பேரும் முதுகைக் காட்டிச் சுழன்று பின்பக்கமாக வளைய வேண்டும் என்று வைத்தது நான். அந்த வளைவை கங்காதர நெல்லூரில் கங்கம்மா ஜாத்திரையின்போது பார்த்தேன். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செங்கம்மா என்பவளைக் கேட்டுச் சித்தூருக்கு அழைத்துவந்து எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். இரண்டு வருஷ வேலை. கல்லூரி முடிந்து நேராக எங்கள் சபைக் கோயில் வளாகத்துக்குப் போவேன். தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஒவ்வொருத்தி காலையும் கையால் பிடித்து நகர்த்தி வைத்திருக்கிறேன்.

சித்தூரில் நடந்த தேர்வுச் சுற்றில் நாங்கள் ஜெயித்தோம். மைக்கில் பெயர் வாசித்தார்கள். நடன அமைப்பு, ஜெயகுமாரி.

ஜெயகுமாரி எங்கள் ஐயரின் மகள். ஐயர் என்றால் எங்கள் சபையின் போதகர். அவள் முன்வரிசையில் முதலாவதாக நிற்பவள். நன்றாகச் சிரிப்பாள். நான் மேடைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குவளையோடு நின்றேன். பெயர் தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் அவளிடம் கேட்டேன். அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"உன் பேர சொன்னா நீ எழுந்து போவியாடி?" என்றாள். "மைக்க பாத்தாலே உனுக்குக் காலு நடுங்குது. யாராவது போய் நிக்கணுமில்ல, நான் நின்னேன். இதுல இன்னா கீது?"

என் கால் நடுங்குவது உண்மைதான்.

செங்கம்மாவிடமும் சொன்னேன். அவளாவது புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "ஆட்டத்துக்கு இன்னாக்கா பேரு? எங்க ஊர்ல குனிஞ்சி நிமிர்றதுக்கெல்லாம் யாரு பேரக் கூப்புடுவாங்க?" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஐயரம்மா, ஐயரின் மனைவி, ஆள் குறைந்த நாளில் வரிசையில் நின்று ஆடிய செங்கம்மாவை இனி வர வேண்டாம் என்றார்கள். மூணு புள்ள பெத்தவ கன்னிகை வேஷம் கட்டினா ஜனங்க சிரிக்கும் என்று காரணம் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், செங்கம்மாவும். அவள் சொல்லிக்கொடுத்த வளைவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு திருப்பதி விழாக் குழுவிலிருந்து ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். வெள்ளைப் புடவை வேண்டாம், சுபகாரியத்துக்குக் கைம்பெண்கள் கூட்டமாக வந்ததுபோல் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். தாத்தா காலத்திலிருந்து நற்கருணைக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள் கட்டும் வெள்ளை அது. ஐயரம்மா சரி என்று தலையாட்டினார்கள். நைலான் வாங்கலாம் என்று ஜெயகுமாரி சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் அன்றைக்கு எச்சரித்தேன். கையில் விளக்கு இருக்கிறது, நைலான் ஆகாது என்றேன். ஜெயகுமாரி மற்றவர்களைப் பார்த்து, "கெமிஸ்ட்ரி டீச்சர் கண்ணுக்கு எல்லாமே பத்திக்கும்" என்றாள். மறுபடி சிரித்தார்கள். நீ படிச்ச பொண்ணு, நீயே பாத்து வாங்கினு வா என்று ஐயரம்மா பணத்தை என் கையில் கொடுத்தார்கள்.

வாங்கிவந்த புடவையில் ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவி ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பருத்தி எரிந்து சாம்பலாகும், உதறினால் போய்விடும். நைலான் சுருங்கி உருகும். தொட்டதில் ஒட்டிக்கொள்ளும். இது பாடத்தில் இருக்கிறது. இருந்தாலும் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.

பார்த்த பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னது போதும் என்று தோன்றியது.

ஆனால் முறைப்படி செய்தேன். முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகி ஊக்கு குத்திவிட்டால் அது பறக்காது. விளக்கோடு ஆட ஆரம்பித்த நாளிலிருந்து அது என் வேலை. பத்துப் பேருக்கும் நானே குத்துவேன். ஈரச் சாக்கு ஒன்றும் பக்கத்தில் வைத்திருப்பேன். ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை, கவனித்ததுமில்லை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜெயகுமாரிக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மேடை வேண்டாம் என்றுவிட்டார்கள். செங்கம்மாவைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னேன். ஐயரம்மா யோசித்தார்கள். எல்லா சமூகமும் சேர்ந்து ஆடும் விழா, நம் குழுவில் ஓர் இந்துப் பெண் இருந்தால் விழாக் குழுவினர் மெச்சுவார்கள் என்றேன். அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஞானமணிக்கு நல்ல மனசு என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள்.

செங்கம்மா அந்தப் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எனுக்காக்கா? ஆடி முடிச்சா திருப்பிக் குடுக்கணுமா?" என்றாள்.

வைத்துக்கொள் என்றேன்.

அவளை ஏன் கூப்பிட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எண்ணெய் கேட்கும் இடத்தில் முன்னால் நிற்பவள் சுழன்று வளைவாள். பின்னால் நிற்பவள் அதே தாளத்தில் விளக்கை நெஞ்சுவரை உயர்த்துவாள். மற்றப் பெண்கள் ஒரு நாள் மேலே தூக்குவார்கள், ஒரு நாள் கீழே வைப்பார்கள், ஒரு நாள் அடி பிந்துவார்கள். செங்கம்மா அப்படியில்லை. அவள் விளக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஊக்கு குத்தாத முந்தானை சுழன்றால் எந்த உயரத்தில் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆட்டத்தை அமைத்தவளுக்குத் தெரியாமல் இருக்காது.

அன்று மாலை பந்தலுக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்து ஊக்கு குத்தினேன். ஒன்பது பேருக்குக் குத்தினேன். ஜெயகுமாரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, உதட்டுச் சாயம் கலையாமல் வாயைக் குவித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பருகே ஊக்கைத் திறந்தேன், மூடினேன். துணியில் குத்தவில்லை. முந்தானையை லேசாகச் செருகி விட்டேன்.

"குத்திட்டியா?" என்றாள்.

"குத்திட்டேன்."

"சரி, நீ போய் எண்ணையப் பாரு."

மைக்கில் நடன அமைப்பு ஜெயகுமாரி என்று மறுபடியும் சொன்னார்கள். நான் ஒரு கணம் காத்திருந்தேன். அவள் திருத்தியிருக்கலாம். அவள் கும்பிட்டுச் சிரித்தாள்.

மீதியைச் சனங்கள் பார்த்தார்கள். ஆனால் சரியாகப் பார்க்கவில்லை. செங்கம்மா தள்ளாடினாள் என்கிறார்கள். தள்ளாடவில்லை. ஜெயகுமாரியின் முந்தானை பறந்து செங்கம்மாவின் விளக்கின் மேல் விழுந்தது. முதலில் ஒரு சின்ன வெளிச்சம்தான். ஏதோ ஜோடனை என்று முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். செங்கம்மா விளக்கைப் போட்டுவிட்டு ஜெயகுமாரியைக் கட்டிப்பிடித்தாள். வயலில் யார்மேலாவது தீப்பிடித்தால் அவர்கள் ஊரில் அப்படித்தான் மேலே விழுந்து அணைப்பார்கள், பருத்திச் சேலையோடு. அவள் கட்டியிருந்தது நைலான். அதை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

ஈரச் சாக்கு என் காலடியில் இருந்தது. மேடைக்கு நான்கு படி. ஏன் ஓடவில்லை என்று நேற்று கேட்டீர்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடை ஏற எனக்குக் கூச்சம்.

ஜெயகுமாரி பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதுகும் ஒரு கையும்தான். செங்கம்மா நேற்றுக் காலை இறந்துவிட்டாள். பழக்கமில்லாத கூலிக்காரியை மேடையில் ஏற்றியதால் வந்த வினை என்று விழாக் குழுவும் ஐயரம்மாவும் உங்களுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் புருஷன் நாகையா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம், "அவ கை தவறாது சார், யார வேணா கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏட்டு அவனை இரண்டு தடவை விரட்டினார்.

அவனை விரட்ட வேண்டாம். அவன் சொல்வது உண்மை. அவள் கை தவறவில்லை. அது தவறாது என்று தெரிந்துதான் அவளை அங்கே நிறுத்தினேன்.

அவள் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை. நான் எதையும் மறுக்கப் போவதில்லை, வக்கீலும் வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும். இன்றைய பேப்பரை ஏட்டு காட்டினார். தீ விபத்து, ஜெயகுமாரி அமைத்த பத்துக் கன்னியர் நடனத்தில் என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் பேப்பர்காரர்களைக் கூப்பிட்டுப் பேசும்போது அதைத் திருத்தச் சொல்ல வேண்டும். அமைத்தது ஞானமணி, பி.எஸ்சி.